அந்த சொப்பிங் பேக் பற்றி இன்னும் ஒரு தரம்

ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரம் மட்டக்களப்பு கல்லடிக் கடற்கரையில், தன் நாய் மணலில் பீ இருந்ததை அள்ளாத ஒரு தம்பியோடு நான் கத்தின வீடியோவை இங்கே பாதிப் பேர் பார்த்திருப்பீர்கள். அந்த வீடியோவில் வராததை மட்டும் சொல்லிவிடுகிறேன். நான் முதலில் கத்தவில்லை. கச்சான் வாங்கின சொப்பிங் பேக்கை வெறுமையாக்கி, "தம்பி, இதால அள்ளிப் போடுங்க" என்று நீட்டினேன். அவர் பேக்கைப் பார்த்தார், நாயைப் பார்த்தார். "அக்கா, இது கடற்கரை, உங்கட வீட்டு முற்றமில்ல" என்றார். வீடியோ அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

சரி, என் முற்றமில்லை. உங்கள் முற்றமும் இல்லையே தம்பி? நாய் உங்களுடையது என்றால் அதன் பீயும் உங்களுடையதுதான். இதில் விளங்காமல் போக என்ன இருக்கிறது?

வீடியோவுக்குக் கீழே உடனே ஒரு கூட்டம், "இவவுக்கு நாயெண்டாலே ஆகாது" என்று. எங்கள் வீட்டில் நாய் இல்லாத காலம் எனக்கு ஞாபகமில்லை. சின்ன வயதில் நாய் வளவுக்குள் பீ இருந்துவிட்டால் அம்மம்மா கூப்பிடுவது என்னைத்தான். சிரட்டையில் அடுப்புச் சாம்பல் அள்ளி மேலே கொட்டி, மண்ணோடு சேர்த்து வழித்து, வேலி மூலையில் கிடங்கு வெட்டித் தாட்டுவேன். மூக்கைப் பொத்தினால் ஏச்சு விழும். "சோறு போடக்குள்ள உன்ட நாய், இதுக்கு மட்டும் ஆர்ட நாய்?"

"கட்டாக்காலி மாடு ரோட்டெல்லாம் சாணி போடுதே, அதைக் கேட்டீங்களா?" கேட்டேன். போன வருடம் பதிவே போட்டேன். அதற்கும் நீங்கள்தான் வந்து சிரித்தீர்கள்.

"எங்கட நாய்க்கு ஊசி போட்டது." அது விசர்நாய்க்கடி நோய்க்கான ஊசி ஐயா. குடற்புழுவுக்கு மருந்து வேறு. கொழுக்கிப்புழு என்கிற குடற்புழுவின் முட்டை நாய்ப்பீயோடு வந்து, ஈர மணலில் சில நாளில் பொரித்து, அந்தக் குஞ்சுப்புழு வெறுங்காலின் தோலைத் துளைத்து உள்ளே போகும். இரண்டு வருடத்துக்கு முன் என் மகளின் உள்ளங்காலில் சிவப்பாக ஒரு கோடு. நகம் கீறியது என்று நினைத்தோம். அடுத்த நாள் அது வளைந்து நீண்டிருந்தது, தோலுக்குள் யாரோ நூல் ஓட்டின மாதிரி. இரவெல்லாம் சொறிந்து சொறிந்து பிள்ளை அழுதாள். டொக்டர் காலைப் பார்த்தவுடன் கேட்டது ஒன்றுதான்: "கடற்கரையில செருப்பில்லாம விளையாடினவவா?"

அது யாருடைய நாயால் வந்தது என்று எனக்குத் தெரியாது. தெருநாயாகவும் இருக்கலாம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தெருநாய்க்குத்தான் ஆளில்லை. சங்கிலியின் மற்ற நுனியில் ஆள் நிற்கிற நாய்க்குமா ஆளில்லை?

மழை கழுவிக்கொண்டு போகும் என்று எழுதின அண்ணனுக்கு: எங்கே போகும்? நம்முடையது மணல் தரை, கையால் எட்டுகிற கிணறு, பக்கத்தில் வாவி. மார்கழி வெள்ளத்தில் ஒழுங்கைக்குள் முழங்கால் அளவு தண்ணீரில் நடந்த கால்தானே உங்கள் காலும்.

லண்டனில் இருந்து ஒருவர், "ஊர் இன்னும் அந்த லெவலுக்கு வரல்ல" என்று எழுதியிருக்கிறார். அங்கே பார்க்கில் பையோடு குனிந்து அள்ளுகிறவர்கள் லீவுக்கு ஊருக்கு வந்ததும் நிமிர்ந்து நடக்கிறார்கள். அங்கே அள்ளாதவனுக்குத் தண்டம். இங்கே கேட்டவளுக்குத் தண்டம்.

"வேலைவெட்டி இல்லாதவ" என்றும் எழுதியிருக்கிறீர்கள். விடிய நாலரைக்கு எழும்பி இடியப்பம் அவித்து, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பி, நானும் வேலைக்குப் போய் வந்து, கிழமையில் ஒரு நாள்தான் அந்த மணலில் இருக்கிறேன். அதையும் செருப்போடு இருக்கச் சொல்கிறீர்கள்.

அந்தத் தம்பி மீது இப்போது எனக்குப் பெரிய கோபமில்லை. வீடியோவுக்குச் சிரிப்புப் போட்டவர்களை நேற்று இரவு ஒவ்வொருவராகப் பார்த்தேன். நாலு பேர் எனக்குச் சொந்தம். அதில் ஒருத்தி என் கலியாணத்துக்கு மாலை கட்டித் தந்தவ.