எடிசன் பேனாவும் உலோகச் செதுக்கலும்

எடிசன் 1876இல் காப்புரிமை பெற்ற மின்பேனாவே உலோகத்தில் செதுக்கும் முதல் விசைக்கருவி என்றும், அதன் பின் செதுக்குபவரின் கைத்திறன் தேவையற்றுப் போனது என்றும் சொல்லப்படுவது சரியன்று. அந்தப் பேனா, மின்கலத்தால் இயங்கிய சிறு மோட்டாரின் உதவியுடன் ஊசியை விரைவாக மேலும் கீழும் இயக்கி, காகிதத்தில் நுண்துளைகளிட்டுப் படியெடுப்பதற்கான அச்சுத்தாளைத் தயாரித்தது. உலோகத்தைச் சீவி எடுப்பது அதன் வேலையே அல்ல. பின்னாளில், 1891இல், சாமுவேல் ஓ'ரைலி காப்புரிமை பெற்ற பச்சை குத்தும் கருவிக்குத்தான் அது வழிகாட்டியது.

உலோகத்தில் செதுக்கும் விசைக்கருவியின் உறவை வேறிடத்தில் தேட வேண்டும் என்பது என் கருத்து. பிலடெல்பியாவின் பல் மருத்துவர் வில்லியம் பான்வில், தந்திக் கருவியின் மின்காந்தத் துடிப்பைக் கண்டு, பற்குழியில் தங்கத் தகட்டைத் தட்டி இறுக்கும் மின்சுத்தியலை உருவாக்கினார். கைப்பிடிக்குள்ளேயே சிறு அடிகளைத் தொடர்ந்து எழுப்பும் இதே எண்ணத்தைத்தான், 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் அமெரிக்காவில் வந்த கிரேவர்மைஸ்டர் என்னும் உலோகச் செதுக்குக் கருவி, காற்றழுத்தத்தையும் வெற்றிடத்தையும் மாறிமாறிச் செலுத்தி, செதுக்கு உளிக்குப் பயன்படுத்தியது. கால்மிதியால் அடியின் வலுவைச் செதுக்குபவரே கட்டுப்படுத்துகிறார். உளியின் கோணம், கோட்டின் ஆழம், வளைவுக்கேற்ப வேலைப்பொருளைத் திருப்பும் வேகம் ஆகிய அனைத்தும் அவர் கையிலேயே இருக்கின்றன. கருவி குறைப்பது சுத்தியல் அடிக்கும் உழைப்பை மட்டுமே.