சாட்சியின் முகத்தைப் பார்த்தவர் யார்?

நேற்று நம் வக்கீல் நண்பர் போட்ட பதிவையும், அதற்குக் குவிந்த கைதட்டலையும் பார்த்ததிலிருந்து மனம் ஆறவில்லை. இரண்டு நீதிமன்றங்கள் ஒன்றுபோலச் சொன்னதை உயர் நீதிமன்றம் தூக்கி எறிந்துவிட்டதாம். "முன்சீப்புக்கு என்ன தெரியும்?" என்று கிண்டல் வேறு. வழக்கை முதலில் விசாரிக்கும் கீழ் நீதிபதியான அந்த முன்சீப்புக்கு ஒன்று தெரியும் ஐயா. சாட்சியின் முகம் தெரியும்.

உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 100ஆம் பிரிவை 1976இல் திருத்தியது எதற்கு? இரண்டாம் மேல்முறையீட்டில் முக்கியமான சட்டக் கேள்வி இருந்தால் மட்டுமே உயர் நீதிமன்றம் உள்ளே வர வேண்டும் என்பதற்கு. பாதை இருந்ததா, பணம் கைமாறியதா, கையெழுத்து யாருடையது என்பதெல்லாம் முதல் மேல்முறையீட்டோடு முடிய வேண்டியவை. உண்மை பற்றிய முடிவில் எவ்வளவு மோசமான பிழை இருந்தாலும் அதற்காக இரண்டாம் மேல்முறையீடு கிடையாது என்று, ஆங்கிலேயர் காலத்தில் நமக்குக் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் 1890இலேயே சொல்லிவிட்டது.

எங்கள் வழக்கும் அப்படியொரு பாதை வழக்குதான். எதிர்த்தரப்புச் சாட்சி ஒருவர் கூண்டில் ஏறினார். "வண்டி எந்தப் பக்கமாகப் போகும்?" என்று கேட்டால், அவர் முதலில் தம் வக்கீலின் முகத்தைப் பார்ப்பார், பிறகுதான் வாய் திறப்பார். ஒவ்வொரு கேள்விக்கும் அப்படியே. நீதிபதி பேனாவை வைத்துவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பின் பெஞ்சில் இருந்தேன். வாக்குமூலத்தில் என்ன ஏறியது? "எனக்குத் தெரியாது." அவ்வளவுதான். சாட்சி நடந்துகொள்ளும் விதத்தை நீதிபதி குறித்து வைக்கலாம் என்று சட்டத்தில் இடம் இருக்கிறது. வாய்தாக்களுக்கு நடுவே எழுத யாருக்கு நேரம்?

முன்சீப் கோர்ட்டில் ஜெயித்தோம், முதல் மேல்முறையீட்டில் சார்பு நீதிமன்றத்திலும் ஜெயித்தோம். உயர் நீதிமன்றத்தில் அந்தச் சாட்சி "இயல்பாகப் பேசியவர்" ஆகிவிட்டார். காகிதத்தில் எல்லோரும் இயல்பாகத்தான் பேசுவார்கள்.

கீழ் நீதிமன்றம் தவறே செய்யாதா என்பீர்கள். செய்யும். அதற்குத்தான் 96ஆம் பிரிவில் முதல் மேல்முறையீடு. அங்கே சாட்சியத்தை முழுதாக அலசலாம். ஆதாரமே இல்லாமல் எழுதிய தீர்ப்பு, முக்கிய ஆவணத்தைக் கண்டுகொள்ளாத தீர்ப்பு என்றால் உயர் நீதிமன்றம் தலையிடட்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தச் சந்து இப்போது ராஜபாட்டை ஆகிவிட்டது. பிடிக்காத முடிவுக்கெல்லாம் 'முறைகேடான முடிவு' என்று பெயர் சூட்டினால் போதும்.

கொலை வழக்கில் மட்டும் மேல் கோர்ட் எல்லாவற்றையும் பார்க்கலாமா என்று ஒருவர் கிளம்புவார். அது வேறு கணக்கு. அங்கேகூட 1934இல் ஷியோ ஸ்வரூப் என்ற குற்ற வழக்கில், சாட்சிகளின் நம்பகத்தன்மை பற்றி விசாரணை நீதிபதி கொண்ட கருத்துக்கு மதிப்புக் கொடுக்கச் சொன்னது அதே பிரிவி கவுன்சில். கேட்டுக்கொள்ளுங்கள்.

உயர் நீதிமன்றத்தில் தோற்ற அன்று அப்பா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "அந்த நீதிபதி என்னைப் பார்த்ததே இல்லையேடா?" என்ன பதில் சொல்வது? 100ஆம் பிரிவையா படித்துக் காட்டுவது?

கீழ் நீதிமன்றங்கள் தீர்மானிக்காமல் விட்ட உண்மையை உயர் நீதிமன்றமே தீர்மானிக்கலாம் என்கிற 103ஆம் பிரிவைத் தூக்கிக்கொண்டு பின்னூட்டத்துக்கு வருபவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: எங்கள் வழக்கில் கீழ் நீதிமன்றங்கள் தீர்மானிக்காமல் விட்டது எதுவுமில்லை. கேஸ் கட்டு பரணில்தான் இருக்கிறது. வந்து படித்துவிட்டுப் பேசுங்கள்.