செத்தது விரால், விட்டது திலாப்பியா

நம் வாய்க்காலில் விரால் செத்து மிதந்த பிறகு குளக்கட்டில் நடந்த மீன்குஞ்சு விடும் விழாப் படங்களுக்குக் கீழே நான் எழுதிய கருத்தை அழிக்க மாட்டேன். உள்பெட்டியில் வந்து "ஏன் கா இந்த வம்பு, அழிச்சிரு" என்று அன்பாகச் சொன்னவர்களுக்கும், வெளியே நின்று திட்டியவர்களுக்கும் இதுதான் பதில்.

நான் கேட்டது ஒரே கேள்வி. வாய்க்காலில் மீன் ஏன் செத்தது? பதாகை கட்டினீர்கள், பொலித்தீன் பையைக் கவிழ்த்தீர்கள், படம் எடுத்தீர்கள். செத்த மீன் கிடந்த தண்ணீரில் ஒரு போத்தல் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினீர்களா? அனுப்பியிருந்தால் முடிவைப் போடுங்கள், நானே பகிர்கிறேன். செத்தது விரால். நீங்கள் விட்டது திலாப்பியா. கொன்றது எதுவோ, அது இன்னும் அதே வாய்க்காலில்தான் ஓடுகிறது.

"வெயில் கூட, தண்ணி குறைவு, அதான் செத்தது" என்று ஒருவர் எனக்குப் பாடம் எடுத்திருந்தார். ஐயா, விரால் மேலே வந்து காற்றைக் குடிக்கிற மீன். சுங்கானும் அப்படி, பனையேறியும் அப்படி. குளம் வற்றிச் சேறான பிறகும் கிடந்து தப்புகிறவை இவை. தண்ணீரில் மூச்சுக்குக் காற்றில்லை என்றால் கெண்டைக் கூட்டம்தான் முதலில் சாகும். விராலே வயிறு வெளுத்து மிதந்தால், வெயிலைக் குற்றம் சொல்லிவிட்டுப் போக என்னால் முடியாது. மேலே வட்டையில், அதாவது வயல்வெளியில், அந்தக் கிழமை முழுக்கப் பூச்சிமருந்து அடித்தார்கள். டேங்கை எங்கே கழுவினார்கள் என்று நம் எல்லோருக்கும் தெரியும்.

என் தாத்தா, எங்கள் பேச்சில் பெத்தப்பா, மீன் பிடிக்கிற கூடையான கரப்புக் குத்துவதில் கெட்டிக்காரர். மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் அவரோடு வயலுக்குப் போனால் வெறுங்கையோடு திரும்ப மாட்டோம். மழை தொடங்கிக் குளத்துத் தண்ணீரும் வயல் தண்ணீரும் ஒன்றாகிற நேரம் மீன் வரம்போரத்துக்கு ஏறிவரும். அப்போது விரால் குஞ்சுகள் செக்கச்செவேல் என்று கூட்டமாக மேலே துள்ளும், கீழே தாயோ தகப்பனோ காவல் நிற்கும். அந்த நேரம் கரப்பை வைப்பது எவ்வளவு சுலபம்! வைக்க விடமாட்டார். "அதுல கை வைக்காத மனே, குஞ்சு அவ்வளவும் அநாதையாப் போயிரும்" என்பார். காய்ச்சலில் கிடந்து எழும்பினால் பெத்தாச்சி விரால் ஆணம் வைத்துத் தருவா. என் மகளுக்கு அந்த ருசி தெரியாது. சந்தையில் விரால் வந்தாலும் விலை கேட்டுவிட்டு நகர வேண்டியிருக்கிறது.

மீன் முட்டையிட ஏறுகிற அதே பெரும்போகத் தொடக்கத்தில்தான், மழைக்கால நெற்செய்கைக்கு, நாம் விதைத்துவிட்டுக் களைநாசினி அடிக்கிறோம். தாய் காவல் நிற்கிற வரம்போரத்தில்தான் அது விழுகிறது. இதைச் சொன்னால் நான் விவசாயிக்கு எதிரியாம்! எழுதிய தம்பிக்குச் சொல்கிறேன்: என் அப்பா வெள்ளாமைக்காரர். மருந்து டேங்கைத் தோளில் சுமந்து வரம்பில் நடந்தவன் நான். அந்த வார்த்தை எனக்கு வலித்தது.

"2021 மாதிரி மருந்தை நிறுத்தச் சொல்றியா?" என்று இன்னொருவர். இல்லை. அந்த வருடம் அரசாங்கம் இரசாயன உரத்தையும் மருந்தையும் ஒரே இரவில் தடை செய்தபோது எங்கள் வட்டையும்தான் அழுதது. நான் கேட்பது சின்ன விஷயம். டேங்கை வாய்க்காலில் கழுவாதே. வெறும் போத்தலை வாய்க்காலில் எறியாதே. மருந்தடித்த கையோடு வயல் தண்ணீரை வெட்டிவிடாதே. இதனால் யாருக்கு ஒரு மூடை நெல் குறையும்?

திலாப்பியா ஏழையின் மீன் என்பதும் எனக்குத் தெரியும். 1950களில் ஆபிரிக்க மீனான அதைக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் நம் குளங்களில் மீன்பிடி ஒரு தொழிலாக வளர்ந்தது. அம்பாறையில் சேனநாயக்க சமுத்திரத்தை நம்பிப் பிழைக்கிற குடும்பங்களின் சோற்றில் நான் கை வைக்கவில்லை. குளத்தில் தாராளமாக விடுங்கள். செத்துப்போன ஆற்றுக்கு அதை மருந்தாகக் காட்டாதீர்கள் என்றுதான் சொல்கிறேன். விராலும் ஆரலும் கெளிறும் திரும்பி வர நாம் குஞ்சு வாங்கத் தேவையில்லை. தண்ணீரை விட்டுவைத்தால் அவை தாமாக வரும்.

விட்டுவைக்கிறோமா? முந்தேனி ஆற்றில் மண் அள்ளுகிற டிப்பர்களை யார் மறித்தோம்? பாலத்தில் மோட்டார் சைக்கிளை நிறுத்திக் கோழிக்கழிவுப் பையை ஆற்றுக்குள் வீசுகிறவன் வெளியூரான் இல்லை, நம் ஊர்க்காரன்தான். மெல்லிய நைலோன் இழையில் பின்னிய தங்கூசி வலையைக் குறுக்கே கட்டிக் குஞ்சு குருமன் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போகிறவனும் நம் ஆள்தான். இந்தத் தண்ணீர் அவ்வளவும் கடைசியில் 50 கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கிற நம் மட்டக்களப்பு வாவியில்தான் போய் விழுகிறது. அங்கே செல்வன் மீனும் இறாலும் குறைந்துவிட்டதென்று பிறகு நாமே குந்தியிருந்து கவலைப்படுகிறோம். மீன்பாடும் தேன்நாடு என்று மேடையில் பாடுகிறவர்கள் ஒருநாள் அந்த வாய்க்காலோரம் வந்து மூக்கைப் பொத்தாமல் நிற்கட்டும்.

"சட்டம் இருக்குது, அவங்க பாப்பாங்க" என்கிறார்கள். 1996ஆம் ஆண்டின் கடற்றொழில், நீரியல் வளச் சட்டப்படி நஞ்சு போட்டு மீன் பிடிப்பது குற்றம். உள்நாட்டு நீர்நிலையை மாசுபடுத்துவதும் 1980ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடல் சட்டப்படி குற்றம். இந்த இரண்டு சட்டத்தையும் வைத்துக்கொண்டு அந்த வாய்க்காலுக்கு யார் வந்தார்கள்? விழாவுக்குத்தான் வந்தார்கள்.

அதனால் அதிகாரிகளைப் பார்த்துக்கொண்டு இருக்கப் போவதில்லை. பெரும்போக ஆரம்பக் கூட்டத்தில் வட்டைக்குள் மாடு விட்டால் தண்டம் என்று எழுதுகிறோம். வாய்க்காலில் டேங்க் கழுவினாலும் தண்டம் என்று இந்த முறை எழுதச் சொல்லி எழும்பிக் கேட்கப் போகிறேன். கழுவுவதற்கு வட்டைக்கு ஓர் இடம், வாய்க்காலுக்குத் தள்ளி, வட்டையின் தண்ணீர்ப் பொறுப்பாளரான வட்டவிதானை காட்டித் தரட்டும். இங்கே என்னைத் திட்டியவர்களில் வயல் உள்ளவர்கள் பலர் இருக்கிறீர்கள். கூட்டத்துக்கு வாருங்கள், எதிர்ப்பதென்றால் அங்கே என் முகத்தைப் பார்த்து எதிருங்கள்.