எந்தக் கம்பெனி பவுடர்ங்க?

கோயம்புத்தூரில் ஒருத்தி தன்னை வெல்னஸ் கோச் என்று அறிமுகப்படுத்திக்கொண்டால், எதிரில் இருப்பவர் கேட்கும் முதல் கேள்வி இதுதான். ரேஸ்கோர்ஸ் நடைபாதையில் கேட்டார்கள், கல்யாணப் பந்தியில் கேட்டார்கள், நடப்புக் கணக்கு தொடங்கப் போன வங்கியிலும் கேட்டார்கள். கேட்பவர்கள் மேல் தப்பில்லை. ஏரியாவுக்கு ஏரியா காலையில் ஷட்டரைத் தூக்கி, எடை குறைக்கும் பவுடரில் ஷேக் கலக்கிக் கொடுத்து, கையோடு ஒரு டப்பாவையும் கொடுத்து அனுப்பும் கிளப்புகள் இருக்கின்றன. வாங்கிக் குடித்தவரே சில மாதத்தில் விற்கவும் ஆரம்பித்துவிடுகிறார். அவருடைய விசிட்டிங் கார்டிலும் வெல்னஸ் கோச் என்றுதான் போட்டிருக்கிறது.

நான் பவுடர் விற்பதில்லை. அவினாசிலிங்கம் பல்கலைக்கழகத்தில் உணவும் ஊட்டச்சத்தும் படித்து, ஒரு தனியார் மருத்துவமனையில் டயட்டீஷியனாக வேலை பார்த்து, போன வருஷம் அதை விட்டுவிட்டுத் தனியாக இறங்கியவள். "எப்படிப் போகுது?" என்று கேட்பவர்களுக்கு இதுவரை "நல்லாப் போகுதுங்க" என்று சொல்லிச் சமாளித்துவந்தேன். வருஷம் முடிந்துவிட்டது, கொஞ்சம் விவரமாகவே சொல்லிவிடலாம் என்று இந்தப் பதிவு. நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மருத்துவமனையில் ஒரு நோயாளிக்குப் பத்து நிமிடம் கிடைத்தால் பெரிய விஷயம். அச்சடித்த சார்ட்டில் வயதுக்கும் எடைக்கும் தகுந்த மாதிரி டிக் அடித்து, இட்லி மூன்று, கிழங்கு வேண்டாம், மாம்பழம் ஒரு கீற்று என்று சொல்லி அனுப்புவோம். வீட்டுக்குப் போய் அவர் அதை என்ன செய்தார் என்பது, அடுத்த முறை சர்க்கரை 300-ஐத் தாண்டி வரும்போதுதான் தெரியும். சார்ட்டில் ஒரு குறையும் இல்லை. கொடுத்த பிறகு "என்னங்க ஆச்சு?" என்று கேட்க அங்கே ஆளில்லை, அவ்வளவுதான். அந்தக் கேட்கிற வேலையைத்தான் இப்போது செய்கிறேன். வாரம் ஒரு தடவை போன், நடுவில் வாட்ஸ்அப்.

"இதுக்குப் போய்க் காசா?" என்று தோன்றும். எங்கள் மாமாவுக்கு இன்னும் அப்படித்தான் தோன்றுகிறது. ஆனால் கேட்டுக்கொண்டே இருந்தால் என்ன ஆகும் என்பதற்குச் சென்னையிலேயே ஆய்வு நடந்திருக்கிறது. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், சர்க்கரை நோய்க்கு முந்தைய கட்டத்தில் இருந்தவர்களை மூன்று வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். உணவையும் நடையையும் மாற்றியவர்களிடம் நோய் வரும் ஆபத்து 28.5 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு 26.4 சதவீதம் குறைந்தது. அதே குழு 2013-இல் வெளியிட்ட இன்னொன்றுதான் எனக்கு மிகவும் பிடித்தது. அதே முந்தைய கட்டத்தில் இருந்த, வேலைக்குப் போகும் ஆண்கள் 537 பேர். ஆரம்பத்தில் எல்லோருக்கும் ஒரே அறிவுரை. அதன்பிறகு பாதிப் பேருக்கு மட்டும் செல்போனில் அடிக்கடி எஸ்.எம்.எஸ். போனது. இரண்டு வருடத்தில், செய்தி வந்தவர்களில் 18 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது. செய்தி வராதவர்களில் 27 சதவீதம் பேருக்கு நோய் வந்தது. வெறும் எஸ்.எம்.எஸ்.! என் தொழில் மேல் எனக்கே சந்தேகம் வரும் நாட்களில் இந்தக் கணக்கைத்தான் நினைத்துக்கொள்வேன்.

இதில் ஒரு சிக்கல். எங்களால் அதிகம் பயன் அடையக்கூடியவர்கள் இந்த முந்தைய கட்டத்தில் இருப்பவர்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வு 2023-இல் சொன்ன கணக்குப்படி, இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடி, முந்தைய கட்டத்தில் 13.6 கோடி. ஆனால் அவர்களுக்கு வலியில்லை, மயக்கமில்லை. "பார்டர்லதாங்க இருக்கு" என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டு பேக்கரிக்குப் போய்விடுகிறார்கள். எங்கள் ஊரில் பேக்கரி என்பது தனி உலகம், அதைப் பற்றி எழுதினால் இன்னொரு பதிவாகிவிடும்.

சரி, வருகிறவர்கள் யார்? என் வாடிக்கையாளர்களில் முக்கால்வாசிப் பேர் பெண்கள். அதில் பாதிப் பேர் தங்களுக்காக வருவதில்லை. சர்க்கரை கணவருக்கு, வகுப்பு மனைவிக்கு. கணபதி ஏரியாவில் பட்டறை வைத்திருக்கும் ஒருவருடைய வீட்டம்மா முதல் நாள் நோட்டும் பேனாவுமாக வந்து உட்கார்ந்தார். கணவரின் ரிப்போர்ட் ஐந்து வருடத்துக்கு ஒழுங்காக அடுக்கி ஃபைலில் இருந்தது. "உங்க ரிப்போர்ட் எங்கக்கா?" என்றேன். "எனக்கென்ன கண்ணு, நான் நல்லாத்தான இருக்கிறேன்" என்றார். டெஸ்ட் எடுக்க வைத்தால் அவருக்கும் பார்டர். இடுப்புச் சுற்றளவு பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பதை அவரிடம் யாரும் சொன்னதில்லை. பலருக்கு நடப்பது இது. வீட்டில் எல்லோரும் சாப்பிட்ட பிறகு, மிச்சம் வீணாகக் கூடாது என்று சோற்றை வழித்துச் சாப்பிடும் பெண்ணிடம் கலோரிக் கணக்குப் பேசிப் பயனில்லை. உலையில் போடும் அரிசியின் அளவைப் பற்றித்தான் பேச வேண்டும். அந்த அளவு மாமியார் கையில் இருக்கிறது. ஆக, மாமியாரிடமும் பேச வேண்டும். "ஏனம்மணி, நாங்கெல்லாம் சோறு திங்காமயா இத்தன வருஷம் இருந்தோம்?" என்று கேட்டவரிடம், அந்தக் காலத்துக் களியையும் கொள்ளுப் பயறையும் காட்டுவேலையையும் பற்றி முக்கால் மணி நேரம் கதை கேட்டுவிட்டு, வாரத்தில் இரண்டு ராத்திரி கொள்ளுப் பருப்பும் காயும் அதிகம், சோறு கொஞ்சம் என்று ஒப்பந்தம் போட்டோம். எந்தச் சார்ட்டிலும் இதற்குக் கட்டம் கிடையாது.

இனி பணம். இந்த வருஷம் எனக்குப் புரிந்த முக்கியமான விஷயம் இதில்தான் இருக்கிறது.

எங்கள் தொழிலில் பொய் அதிகம் என்று எல்லோருக்கும் தெரியும். "30 நாளில் 10 கிலோ", "சர்க்கரைக்கு நிரந்தர விடுதலை". பேராசைதான் காரணம் என்பார்கள். எனக்குத் தெரிந்து காரணம் ஐந்தாம் தேதி கொடுக்க வேண்டிய வாடகை. மாதம் பிறந்து புதிதாக யாரும் சேர்ந்திருக்க மாட்டார்கள். அந்த நேரம் பார்த்து ஒருவர் போனில், "எத்தனை நாள்ல எத்தனை கிலோங்க மேடம்?" என்பார். "மாசம் அஞ்சு கிலோ" என்றால் அடுத்த நிமிடம் ஜி-பே சத்தம் கேட்கும். "மூணு மாசம் பண்ணிப் பார்க்கலாம், கிலோ கணக்கு இப்பவே சொல்ல முடியாதுங்க" என்றால், "சரிங்க, வீட்ல கேட்டுட்டுச் சொல்றேன்" என்று வைத்துவிடுவார். அப்படி வைத்தவர்கள் திரும்பக் கூப்பிடுவது அபூர்வம். மாதச் சம்பளக்காரிக்கு உண்மை பேசச் செலவில்லை. சொந்தத் தொழிலில் அதற்கு விலை இருக்கிறது, அந்த விலை அந்த மாதமே கணக்கில் தெரியும்.

அதனால்தான் நல்ல மனசை மட்டும் நம்பி இந்தத் தொழிலில் இறங்காதீர்கள் என்கிறேன். கட்டணத்தை எப்படி வைக்கிறோம் என்பதில் இருக்கிறது விஷயம். கிலோவுக்கு இவ்வளவு என்று வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். கிலோவுக்குக் காசு என்றால் கோச்சுக்குக் கிலோதான் வேண்டும், எப்படிக் குறைந்தால் என்ன? சோற்றையும் உப்பையும் திடீரென்று குறைத்தால் முதல் வாரத்தில் எடை கிடுகிடுவென்று இறங்கும். அதில் பெரும்பங்கு தண்ணீர். தராசில் குறைந்ததும் பணம் கைமாறிவிடும், தண்ணீர் பிறகு திரும்பி வரும். நான் மூன்று மாதத்துக்கு 7,500 ரூபாய் என்று வைத்திருக்கிறேன், குறைந்தாலும் குறையாவிட்டாலும். மூன்று மாதம் ஏனென்றால், ஹெச்பிஏ1சி என்கிற ரத்தப் பரிசோதனை ஏறத்தாழ கடைசி மூன்று மாதச் சராசரியைக் காட்டுகிறது. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று எடுத்தால் நான் சொல்வதற்கு ஒன்றுமில்லை, லேப் சொல்லிவிடும். மாத்திரையை நிறுத்தச் சொல்லி யார் கேட்டாலும், அது உங்கள் டாக்டர் எடுக்க வேண்டிய முடிவு என்று சொல்லிவிடுவேன். சர்க்கரை தணிந்துவிட்டது என்று சொல்லவே, மாத்திரை நிறுத்தி மூன்று மாதமாவது ஆன பிறகும் ஹெச்பிஏ1சி 6.5 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்று 2021-இல் சர்வதேச நிபுணர்கள் வரையறுத்திருக்கிறார்கள். போஸ்டர்களில் இந்த நிபந்தனையை நான் பார்த்ததில்லை.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. சர்க்கரையைக் குணமாக்கும் என்று மருந்தை விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. உணவுப் பொருள் நோயைத் தீர்க்கும் என்று சொல்லக்கூடாதென்று 2018-இல் உணவுப் பாதுகாப்பு ஆணையமும் விதி போட்டது. 2021-இல் வந்த துணை மருத்துவத் தொழில்வல்லுநர் சட்டத்தில் டயட்டீஷியன்களைச் சேர்த்திருக்கிறார்கள், வெல்னஸ் கோச் என்ற பெயர் அதில் இல்லை. அதாவது, இந்தப் பெயரை நாளைக் காலையில் நீங்களும் போட்டுக்கொள்ளலாம். எனக்கு லாபம்தான், ஆனாலும் இது சரியில்லை. குறைந்தபட்சம் எங்கே படித்தேன், எந்தப் பொருளுக்குக் கமிஷன் வாங்குகிறேன் என்ற இரண்டையும் எழுதி ஒட்டச் சொல்லி அரசு கட்டாயப்படுத்தலாம்.

வருமானத்துக்கு ஒரு பஞ்சாங்கம் இருப்பதும் இப்போது தெரிகிறது. ஜனவரியில் கூட்டம். தை, மாசி முகூர்த்தத்தில் பாதிப் பேர் "கல்யாணம் முடியட்டும்" என்று நழுவுவார்கள். ஆடியில் புதிதாக எதையும் தொடங்க மாட்டார்கள், டயட் உட்பட. புரட்டாசியில் கறி இல்லாததால் எடை குறையும் என்று நம்பி வருவார்கள். முட்டையும் மீனும் போன இடத்தில் சோறும் உருளைக்கிழங்கும் வந்து உட்கார்ந்து, சிலருக்கு ஏறியே இருக்கும். தீபாவளி பற்றிச் சொல்லவே வேண்டாம்.

நிர்வாக வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், கேட்பவர்களுக்கு உதவும். சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவுக்குக் கட்டணமே கிடையாது, பணம் கேட்கிறவரிடம் போகாதீர்கள். சேவைத் தொழிலுக்கு வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டினால்தான் ஜி.எஸ்.டி. பதிவு, எனக்கு அந்தக் கவலை இப்போதைக்கு இல்லை! நிறுவனம் போட்டுவந்த பி.எஃப். நின்றுவிடும், அதற்குச் சமமாக நாமே எடுத்து வைக்க வேண்டும். குடும்பத்துக்கான மருத்துவக் காப்பீட்டை ராஜினாமாக் கடிதம் கொடுக்கும் முன்பே எடுத்துவிடுங்கள். தனிநபர் காப்பீட்டுக்கு இருந்த 18 சதவீத ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22-இல் இருந்து இல்லை, அது ஒரு ஆறுதல். சொந்தக்காரர்கள் பந்தியில் வைத்தே லேப் ரிப்போர்ட்டை நீட்டுவார்கள். இலவசமாகப் பார்த்துச் சொல்கிறேன், வேறு வழியில்லை. தொடர்ந்து வாராவாரம் வேண்டுமென்றால் மட்டும் கட்டணம். அத்தைக்கும் அதேதான், அத்தைக்குக் கோபம்தான்.

வருஷத்தை மொத்தமாகக் கூட்டினால் பழைய சம்பளத்தைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் வந்திருக்கிறது. கடைசி நான்கு மாதம் பரவாயில்லை. ஏற்கெனவே வந்து போனவர்கள் தங்கையையும் பக்கத்து வீட்டையும் அனுப்புகிறார்கள்.

இப்போது ஒரு பேச்சுவார்த்தை ஓடிக்கொண்டிருக்கிறது. சரவணம்பட்டிப் பக்கம் ஒரு ஐ.டி. அலுவலகத்தில் ஊழியர்களுக்கு 30 நாள் எடைக்குறைப்புப் போட்டி நடத்தித் தரச் சொல்கிறார்கள். அதிகம் குறைத்தவருக்குப் பரிசு. தொகை என்னுடைய பல மாத வருமானம். மூன்று மாதமாக மாற்றுங்கள், எடைக்குப் பதில் இடுப்பளவும் நடையும் பார்க்கலாம், ஜெயிப்பவர் என்று யாரும் வேண்டாம் என்று எழுதி அனுப்பியிருக்கிறேன். ஹெச்.ஆர். பெண் நல்லவர், "மேனேஜ்மென்ட் கிட்டக் கேக்கறேன் மேடம், ஆனா பரிசு இல்லைன்னா யாரும் வரமாட்டாங்க" என்கிறார். அவர் சொல்வதும் நியாயம்தான். ஒப்புக்கொண்டால் அடுத்த வருட மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்தை ஒரே தவணையில் கட்டிவிடுவேன். இல்லையென்றால் மாதத் தவணைதான், ஃபாரத்தை ஏஜென்ட் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.