காசிமேடு என்றால் மீன் விலை மட்டும்தானா?

சென்னையின் மீன்பிடித் துறைமுகமான காசிமேடு பற்றிய உங்கள் கட்டுரையில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டமும் வஞ்சிரத்தின் விலையும் வந்திருக்கின்றன. மகிழ்ச்சி. ஆனால் அங்கே வாழ்கிற மக்கள் இரண்டே வரியில் முடிந்துவிட்டார்கள். அது எனக்கு வருத்தம்.

என் அம்மா முப்பது வருடம் அங்கே ஏலம் எடுத்தவர். விடியுமுன் போய், செவுளைத் தூக்கிச் சிவப்பு பார்த்து, விரலால் வயிற்றை அழுத்திப் பார்த்த பிறகுதான் விலை கேட்பார். ஐஸில் கிடந்து கிடந்து அவர் விரல் நுனிகள் மரத்தே போயின. படகு ஆண்களுடையது என்றாலும், கரைக்கு வந்த மீனைக் காசாக்குவதில் பெரும்பங்கு இந்தப் பெண்களுடையது. அவர்களில் ஒருவரிடமாவது பேசியிருக்கலாம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. மீன் முட்டையிடும் காலம், தடை நியாயம்தான். ஆனால் வரத்து குறைந்த அந்த நாட்களில் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது வட்டிக் கடனில். 2023 டிசம்பரில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்தபோது அங்குள்ள மீனவர்கள் வலைகளையே இழந்தார்கள்.

பக்கத்து ராயபுரத்தையும் சேர்த்திருக்கலாம். 1856இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் புறப்பட்ட நிலையம் அங்கேதான் இருக்கிறது. அடுத்த பகுதி எழுதினால், அதிகாலை மூன்று மணிக்கு வாருங்கள்.