கைராசி என்று சொல்லாதீர்கள்

"அந்த சிஸ்டருக்குக் கைராசி. ஊசி போட்டதே தெரியல." வார்டில் இதை எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று கணக்கே இல்லை. சொல்பவர்கள் அன்பாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் சென்னையில் 22 வருஷமாக நர்ஸாக இருக்கும் எனக்கு அந்த வார்த்தை ஒவ்வொரு தடவையும் உறுத்துகிறது. ஏன் என்று இன்று எழுதிவிடுகிறேன்.

ஆறாவது கீமோவுக்கு வந்திருக்கும் ஒரு அம்மாவின் கையில் நரம்பு (நாங்கள் அப்படித்தான் சொல்வோம், ரத்தக்குழாயைத்தான்) கண்ணுக்கே தெரியாது. முதலில் கையைத் தொங்கப் போடச் சொல்வேன். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியைச் சுற்றிக் கொஞ்ச நேரம் விடுவேன். பிறகு டோர்னிகே (கையை இறுக்கும் பட்டை) கட்டி, விரலால் தேடுவேன். கயிறு மாதிரி விறைப்பாக இருந்தால் அது தசைநாண். துடித்தால் தமனி, அந்தப் பக்கமே போகக் கூடாது. அழுத்தினால் அமுங்கி, விட்டால் மெத்தென்று எழும்பினால் அதுதான். ஊசி நுழைந்ததும் உள்ளே ஒரு சின்ன விடுபடல் விரலுக்குத் தெரியும், ரத்தம் எட்டிப் பார்ப்பதற்கு முன்பே. இதில் ராசி எங்கே இருக்கிறது? ஆயிரக்கணக்கான கைகளைத் தொட்டுத் தொட்டு விரல் படித்த படிப்பு இது.

வீட்டிலும் இதே கதைதான். குழம்புக்கு எவ்வளவு உப்பு என்று கேட்டால் அம்மா "கண்ணளவு" என்பார். காசிமேட்டில் செவுளைத் தூக்கிப் பார்த்து, வயிற்றில் ஒரு விரல் வைத்து அழுத்தி, "இது நேத்து மீன்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். ஒருநாளும் தப்பியதில்லை. அதற்கும் நாம் கைப்பக்குவம் என்று பெயர் வைத்து, அறிவு என்ற வார்த்தையைப் படித்தவர்களுக்கென்று எடுத்து வைத்துக்கொண்டோம்.

1978-ல் அமெரிக்காவில் பார்பரா கார்ப்பர் என்ற நர்ஸிங் அறிஞர் ஒரு கட்டுரை எழுதினார். நர்ஸ் நான்கு வழிகளில் அறிகிறாள் என்றார். அறிவியல் சொல்லும் அறிவு ஒன்று. எதிரில் இருப்பவரின் நிலையைச் சட்டென்று முழுசாக உணர்ந்து கைக்குக் கொண்டுவரும் கலை இன்னொன்று. தன்னையே அறிந்திருப்பது மூன்றாவது. இங்கே எது சரி என்று தெரிந்திருக்கும் அறம் நான்காவது. பி.எஸ்சி.யில் இதைப் பத்து மதிப்பெண் கேள்வியாக மனப்பாடம் செய்தேன். புரிந்தது ஒரு நைட் டியூட்டியில்.

பெரியவர் ஒருவர், குடல் ஆபரேஷன் முடிந்து நாலாம் நாள். விடியற்காலை மூன்று மணிக்கு அவர் மனைவி என் மேஜைக்கு வந்து நின்றார். "சிஸ்டர், அவரு டீ வேணாங்கிறாரு." இரண்டு நாளாக மூன்று மணி அடித்தால் டீ கேட்டு அந்தம்மாவைத் திட்டிக்கொண்டிருந்த மனுஷன். போய்ப் பார்த்தேன். பி.பி. 110/70, சாச்சுரேஷன் (ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவு) 96, காய்ச்சல் இல்லை. ஆனால் ஆள் அமைதியாகப் படுத்துப் போர்வை ஓரத்தை விரலால் பிய்த்துக்கொண்டிருந்தார். கேஸ் ஷீட்டில் மூச்சு எண்ணிக்கை இரவு முழுக்க 20, 20, 20 என்று இருந்தது. உண்மையில் எண்ணாமல், பார்த்தால் சரியாகத்தான் இருக்கிறது என்று எழுதும் 20 அது. நானும் எழுதியிருக்கிறேன். அன்று கடிகாரத்தைப் பார்த்து முழுசாக ஒரு நிமிஷம் எண்ணினேன். 28.

டியூட்டி டாக்டர் போனில், "வைட்டல்ஸ் நார்மல்தானே சிஸ்டர், அப்சர்வ் பண்ணுங்க" என்றார். மறுபடி கூப்பிட்டேன். "மூச்சு 28 சார். ஆளும் நேத்து மாதிரி இல்ல. நீங்க வந்து பார்த்தே ஆகணும்." வந்தார். குடலைத் தைத்த இடத்தில் கசிவு. காலையில் மறுபடி தியேட்டர். பெரியவர் பிழைத்து வீட்டுக்குப் போனார்.

லண்டனில் உள்ள ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2012-ல் கொண்டுவந்த எச்சரிக்கை மதிப்பெண் முறையில், மதிப்பெண் ஏறினால் ஆபத்து என்று அர்த்தம்; மூச்சு நிமிஷத்துக்கு 25-ஐத் தொட்டாலே அதிகபட்சமான 3 மதிப்பெண். அந்த அட்டவணை எனக்குத் தெரியும். ஆனால் என்னை எண்ண வைத்தது அட்டவணை இல்லை, டீ. நாற்பது வருஷம் கூட வாழ்ந்தவருக்கு மட்டுமே தெரிகிற செய்தி அது. மருந்து அதிகாரத்தின் கடைசிக் குறளில் வள்ளுவர் மருத்துவத்தை நான்காகப் பிரிக்கிறார்: நோயுற்றவர், மருத்துவர், மருந்து, உழைச்செல்வான். உழைச்செல்வான் என்றால் பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள்பவர். அன்று இரவு அந்தம்மாதான் உழைச்செல்வான்.

இதை மட்டும் சொல்லி நிறுத்தினால் நான் பொய் சொன்னவள் ஆவேன்.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருஷம். பைக்கிலிருந்து விழுந்து காலில் மாவுக்கட்டு போட்ட ஒரு பையன். சாராய வாடை. இரவெல்லாம் கத்தினான். ஊசி போட்டும் கத்தினான். "குடிச்சிட்டு சீன் போடறான்" என்று என் மனசு சொன்னது, அவ்வளவு உறுதியாக. கட்டுக்குள் தசை வீங்கி ரத்த ஓட்டம் நெரிபட்டுக்கொண்டிருந்தது. மருந்துக்கு அடங்காத வலி, கால்விரலை நீட்டிவிட்டால் உயிர் போகும் வலி: இவைதான் அதன் முதல் அடையாளங்கள், பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. காலையில்தான் கட்டைப் பிரித்தார்கள். அவன் பாதம் அதற்குப் பிறகு சரியாக எழும்பவில்லை.

பெரியவரிடமும் இவனிடமும் என் உள்மனசு ஒரே குரலில்தான் பேசியது. ஒன்று பார்த்துப் பார்த்துப் பழகிய அறிவு, இன்னொன்று குடிகாரன் மேல் இருந்த வெறுப்பு. உள்ளே இருந்து பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவே தெரியாது. தன்னை அறிவது என்று கார்ப்பர் ஏன் தனியாகச் சொன்னார் என்பது அந்தப் பையனின் காலைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது.

அதனால் எண்கள் வேண்டும், கட்டாயம் வேண்டும். அவையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பத்தக்கவை இல்லை. விரலில் மாட்டுகிற ஆக்ஸிமீட்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். 2020 டிசம்பரில் மிச்சிகன் ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்ட முடிவு: ஆக்ஸிமீட்டர் நல்ல எண் காட்டும்போதே ரத்தத்தில் ஆக்ஸிஜன் குறைந்திருப்பது, வெள்ளையரைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு. நம் வார்டில் படுத்திருப்பவர்களின் தோல் நிறத்தை நினைத்துப் பாருங்கள். சாச்சுரேஷன் 94 என்று மெஷின் காட்டி, ஆள் வாக்கியம் முடிக்க முடியாமல் மூச்சு வாங்கினால், நான் ஆளைத்தான் நம்புவேன்.

கார்ப்பரின் நான்கோடு ஜில் வைட் 1995-ல் ஐந்தாவதாகச் சமூக, அரசியல் அறிவைச் சேர்த்தார். அதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் கண்ணகி நகரிலிருந்து வந்த ஒரு அக்கா. "இன்சுலின ஃபிரிட்ஜ்ல வைங்க" என்று கடகடவென்று சொல்லிக்கொண்டே போனேன். தலையாட்டிவிட்டு வாசல்வரை போனவர் திரும்பி வந்து, மெதுவாக, "ஃபிரிட்ஜ் இல்ல சிஸ்டர்" என்றார். பிறகு உட்கார்ந்து பேசி, மண்பானைத் தண்ணீரில் மூடிய டப்பாவை மிதக்கவிட்டு அதற்குள் மருந்தை வைக்கும் முறையைச் சொன்னேன். அவர் திரும்பி வராமல் போயிருந்தால், அடுத்த தடவை சுகர் ஏறி வந்தவரை "சொன்ன பேச்சைக் கேட்கவில்லை" என்று எழுதியிருப்போம்.

இந்தச் சென்னையில் 1871-லேயே பொது மருத்துவமனையில் நர்ஸ்களுக்குப் பயிற்சி தொடங்கிவிட்டது. இத்தனை காலத்துக்குப் பிறகும், நான் வேலை பார்த்த எந்த இடத்து கேஸ் ஷீட்டிலும் "ஆள் நேற்று மாதிரி இல்லை" என்று எழுத ஒரு கட்டம் இல்லை. எனக்கு வேண்டியது அந்த ஒரு கட்டம். வார்டு ஆயாவும் கூட இருக்கும் சொந்தக்காரரும் சொல்வதை அதில் எழுத வேண்டும். எழுதினால் உடனே எண்ணிப் பார்க்க வேண்டும், தப்பாக இருந்தாலும் யாரையும் திட்டக் கூடாது.

அதுவரை டியூட்டி மாறும்போது நடக்கும் என் ஹேண்ட் ஓவரில் கடைசியாக ஒரு கேள்வி கேட்கிறேன்: "யாராவது எதையாவது வேணாம்னு சொன்னாங்களா?" போன வாரம் புதிதாகச் சேர்ந்த பெண் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "ஏழாம் பெட் பாட்டி இன்னைக்குப் பூ கேக்கல அக்கா." இரண்டு பேரும் போய் நின்று ஒரு நிமிஷம் எண்ணினோம். 18. பாட்டி தூங்கிக்கொண்டிருந்தார், சாயங்காலம் மகள் வந்து ரொம்ப நேரம் பேசிவிட்டுப் போனாளாம். நோட்டில் நேரம் போட்டு, பூ கேட்காததையும் சேர்த்து எழுதிவைத்தோம்.