தொப்பி போட்டவர்கள் எல்லாம் வசதியானவர்கள் அல்லர்

மூன்று நாட்களாக எல்லோருடைய பக்கத்திலும் அந்த சான் பிரான்சிஸ்கோ காணொளிதான் ஓடுகிறது. 1906-இல் மைல்ஸ் சகோதரர்கள் கேபிள் காரின் (தண்டவாளத்தில் வடம் இழுத்துச் செல்லும் டிராம் வண்டி) முன்பக்கம் கேமராவைப் பொருத்தி மார்க்கெட் தெரு நெடுக எடுத்த மௌனப்படம் அது. வண்ணமும் ஓசையும் இப்போது சேர்க்கப்பட்டவை. படத்தின் மேல் எனக்கு வருத்தமில்லை. "எல்லோரும் கோட்டும் தொப்பியுமாக எவ்வளவு கண்ணியம், ஓர் ஏழைகூடக் கண்ணில் படவில்லை" என்று நண்பர் ஒருவர் எழுதியதையும், அத்தனை பேர் அதை ஆமோதித்ததையும்தான் என்னால் கடந்துபோக முடியவில்லை.

கேமரா காட்டியது அந்த நகரத்தை அல்ல, தான் போன வழியை மட்டுமே. அங்கிருந்து சில தெருக்கள் தள்ளி, சீனர்கள் வாழ்ந்த சைனாடவுன் இருந்தது. சீனத் தொழிலாளர்கள் நாட்டுக்குள் வருவதை 1882-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்திருந்த காலம் அது. தண்டவாளம் அந்தப் பக்கம் திரும்பவில்லை, கேமராவும் திரும்பவில்லை. தெரு பரபரப்பாகத் தெரிய வேண்டும் என்று அதே மோட்டார் கார்களே திரும்பத் திரும்பச் சுற்றி வந்து குறுக்கே போவதைக்கூட அதில் பார்க்கலாம். தொப்பியைப் பொறுத்தவரை, அன்று மூட்டை தூக்குபவரும் அது இல்லாமல் வெளியே இறங்கமாட்டார்.

"வண்டிகளின் பின்னால் தொற்றிக்கொண்டு வரும் பையன்கள் இருக்கிறார்களே" என்று சிலர் கேட்கலாம். இருக்கிறார்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஏழைகளையே எடுக்கப் போனபோது கேமரா எங்கே நின்றது என்று பாருங்கள். 1903-இல் எடிசன் நிறுவனம் நியூயார்க்கின் லோயர் ஈஸ்ட் சைடில் யூதக் குடியேறிகளின் மீன் சந்தையைப் படமெடுத்தபோது, கேமரா உயரத்தில் நின்று கீழே பார்த்தது. மார்க்கெட் தெருவின் கனவான்கள் நேருக்கு நேர் வருகிறார்கள். இவர்களோ வெறும் கூட்டமாகத் தெரிகிறார்கள்.

அதே ஆண்டில் அதே நிறுவனம் எடுத்த இன்னொரு படத்தின் பெயரே 'மூவ் ஆன்', அதாவது 'நகர்ந்து போ'. பழமும் காய்கறியும் நிறைந்த தள்ளுவண்டிகள், பின்னால் உயர்த்திக் கட்டிய ரயில் பாதை, தெருவில் இரண்டு காவலர்கள். ஒருவர் தடியை ஆட்டி வியாபாரிகளை விரட்டுவதை அருகிலிருந்து காட்டுகிறார்கள்.

அதைப் பார்த்தபோது எனக்கு என் அப்பாவின் நினைவு வந்தது. அவர் தள்ளுவண்டியில் கொய்யாப்பழம் விற்றவர். ஒருமுறை எங்கள் தெருவில் ஏதோ விழாவைப் படம்பிடிக்க வந்தவர்கள், "வண்டி ஃபிரேமுக்குள்ள வருது, அந்தப் பக்கம் போங்க பெரியவரே" என்றார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள். பழங்கள் மேல் ஈரச்சாக்கைப் போர்த்திவிட்டு அப்பா வண்டியைச் சந்துக்குள் தள்ளிக்கொண்டு போனார். நான் பின்னால் தராசைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். அந்தப் படத்தை இன்று யாராவது பார்த்தால், எங்கள் தெருவிலும் ஏழைகளே இல்லை என்றுதான் எழுதுவார்கள்.

"ரசிக்கிற இடத்தில் எதற்கு வர்க்கத்தை இழுக்கிறீர்கள்" என்பவர்களுக்கு: அதை நான் இழுக்கவில்லை, ஏழையே இல்லை என்று எழுதியவர்தான் இழுத்தார். அப்போது கேமரா கனமானது, எங்கும் கொண்டுபோக முடியாது என்ற வாதமும் நிற்காது. இங்கிலாந்தின் பிளாக்பர்னைச் சேர்ந்த மிட்செலும் கென்யனும் அதே காலத்தில் ஆலை வாசல்களிலேயே கேமராவை நிறுத்தினார்கள். சால்வை போர்த்திய பெண்கள், தொப்பி வைத்த சிறுவர்கள் எல்லோரும் அதன் முன்னால் நடந்து வருகிறார்கள். 12 வயதிலேயே அரை நாள் ஆலை, அரை நாள் பள்ளி என்று பிள்ளைகள் வாழ்ந்த காலம் அது. அந்தச் சிறுவர்கள் நின்று, கேமராவை நேராகப் பார்த்துச் சிரிக்கிறார்கள். அவர்களை யாரும் சந்துக்குள் போகச் சொல்லவில்லை.